ஆகாய மார்க்கமாக நானூறு

குடிநீர் நிலையத்து மோட்டார்காரரை அந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. முகம் தெரியும் என்று சொல்ல முடியாது. விடிகாலையில் குழாயில் தண்ணீர் வந்தால் "மோட்டார்காரர் எழுந்துட்டார்" என்பார்கள். வராவிட்டால் வேறு ஏதாவது சொல்வார்கள். ஐந்து மணிக்கு மோட்டாரைப் போடுவார். அழுத்தம் காட்டும் முள் நாலைத் தொட்டதும் வால்வைத் திறப்பார். மேல்தொட்டி நிறைந்ததும் நிறுத்திவிட்டு நோட்டில் மட்டத்தைக் குறிப்பார். லீவு நாட்களை விட்டால் பதினான்கு வருஷத்தில் ஒரு நாள் பிசகியதில்லை. மோட்டாரைத் தவிர வேறெதைப் பற்றியும் அவர் பெரிதாக அபிப்பிராயம் வைத்துக்கொண்டதில்லை.

அவர் மனைவி வேறொரு ஊரில் அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு மலைத்தொடர் காலை நீட்டிப் படுத்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போவதற்கு ஒரு பஸ், ஒரு ரயில், மறுபடி ஒரு பஸ், கடைசியில் ஆற்றைக் கடக்க ஒரு படகு. மொத்தம் எழுநூற்று அறுபது கிலோமீட்டர், இருபது மணி நேரம்.

கல்யாணத்தின்போது பெண்ணின் அப்பா, ஆறே மாசத்தில் மாறுதல் வாங்கிவிடலாம் என்று சொல்லியிருந்தார். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. அந்த ஒன்பது வருஷத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களை அவள் ஒருமுறை மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தாள். இருநூற்றுப் பதினொன்று வந்தது. அதில் பாதி நாள் அவர் பிரயாண அலுப்பில் தூங்கிக்கொண்டிருந்தார், மீதிப் பாதியில் அவளுக்கு டியூட்டி. குழந்தை விஷயத்தை, ஒன்றாக இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். அவளுக்கு இப்போது முப்பத்தெட்டு. அந்தப் பேச்சை யார் கடைசியாக எடுத்தார்கள் என்பதே இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

விதி பதினேழு என்று ஒன்று இருப்பதை அவருக்குக் காட்டியவர் குடிநீர் நிலையத்தின் கண்காணிப்பாளர். நல்ல மனுஷன். பணியாளர் விதிப் புத்தகத்துக்குத் துணியில் உறை தைத்துப் போட்டு வைத்திருப்பவர். கணவனும் மனைவியும் நானூறு கிலோமீட்டருக்கு மேல் பிரிந்து வேலை பார்த்தால் ஒரே ஊருக்கு மாறுதல் கேட்கலாம் என்று அதில் இருந்தது. "எழுநூத்தி அறுபது வெச்சிருக்கீங்க, தாராளமா கேளுங்க" என்றார், ஏதோ சொத்து இருப்பதைச் சொல்வதுபோல.

மோட்டார்காரர் பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட், படகு டிக்கெட் எல்லாவற்றையும் ஒட்டி விண்ணப்பம் அனுப்பினார். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. விண்ணப்பதாரருக்கும் அவர் மனைவிக்கும் இடையே உள்ள தூரம் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது கிலோமீட்டர் அறுநூற்று நாற்பது மீட்டர். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

அவர் தலைமை அலுவலகத்துக்குப் போனார். மூன்றாவது மாடி முழுவதும் தூர நிர்ணயப் பிரிவுக்கு விட்டிருந்தார்கள். ஒரு சுவர் நிறைய வரைபடம், அதில் ஊருக்கு ஒரு குண்டூசி. தூரத்தை அளக்கும் நூலை ஒரு பீரோவில் பூட்டி வைத்து, அதற்கென ஒரு கிளார்க் சாவியோடு உட்கார்ந்திருந்தார். நூல் ஈரத்தில் நீளும், வெயிலில் சுருங்கும் என்பதால் காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள்தான் வெளியே எடுப்பார்களாம். மற்ற நேரத்தில் அவர் பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார்காரர் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் பீரோவைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் உள்ளே கூப்பிட்டார்கள்.

தூர அதிகாரி மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மேஜையில் பரப்பிய டிக்கெட்டுகளைப் பென்சில் நுனியால் மெல்ல ஒதுக்கினார்.

"ரோட்டை வெச்சு நாங்க தூரம் பாக்கறதில்லைங்க. ரோடுங்கறது மனுஷன் போட்டது. வளையும், நெளியும், ஒரு மழைக்கு அடிச்சுக்கிட்டுப் போயிடும். அதை நம்பி ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைக்க முடியுமா? ஆகாயம் அப்படியில்ல. ஒரே நேர்கோடு. யாருக்காகவும் வளைஞ்சு கொடுக்காது, நம்ம பிரிவு மாதிரி."

"ரெண்டு ஊர்லயும் விமானமே கிடையாதுங்களே சார்."

"அதனாலதான் அளவு சுத்தமா இருக்கு. விமானம்னு ஒண்ணு வந்துட்டா அது திரும்பும், சுத்தும், எறங்க எடமில்லாம வட்டமடிக்கும். அப்புறம் அதுக்கும் ரோட்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"அப்ப நான் எப்படிப் போறது சார்?"

"நீங்க உங்க சம்சாரத்தைப் பாக்க எப்படிப் போறீங்கங்கறது உங்க சொந்த விஷயம். அதுல பிரிவு தலையிடாது."

குறைகிற முந்நூற்று அறுபது மீட்டரைக் கண்டுகொள்ளாமல் விட வழி உண்டா என்று மோட்டார்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அதிகாரி வருத்தத்தோடு தலையசைத்தார். இன்றைக்கு இவருக்கு விட்டால், நாளைக்கு அடுத்த வீட்டுப் பெண்ணைக் கட்டியவன் வந்து வரிசையில் நிற்பான் என்று விளக்கினார். மோட்டார்காரருக்கு அது நியாயமாகவே பட்டது. "சரி சார்" என்று சொல்லி டிக்கெட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தார்.

கண்காணிப்பாளர் விடவில்லை. நிராகரித்த கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து நாலு தடவை படித்தார். தூரம் "இருக்கையிலிருந்து இருக்கைக்கு" அளக்கப்பட்டதாக அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. மனைவியின் ஊர் கிழக்கே இருக்கிறது. மோட்டார்காரர் நாற்காலியை மேற்கே தள்ளினால் தூரம் கூடும். அவள் தன் நாற்காலியைக் கிழக்கே தள்ளினால் இன்னும் கூடும். ஊர் ஊராக அலைந்து அடைய முடியாததை உட்கார்ந்த இடத்திலேயே அடைந்துவிடலாம் என்றார்.

சேர்வதற்காக விலக வேண்டும் என்பதை மோட்டார்காரர் அன்று சாயங்காலம் போனில் மனைவிக்குச் சொன்னார். அவள் எத்தனை மீட்டர் என்று மட்டும் கேட்டாள்.

நிலையத்தின் மேற்கு மூலையில், மோட்டார் அறையிலிருந்து இருநூற்றுப் பத்து மீட்டர் தள்ளி, குளோரின் சிலிண்டர்கள் வைக்கும் கொட்டகை இருந்தது. அங்கே அவர் நாற்காலி போனது. நாளுக்கு ஆறு மணி நேரமாவது அதில் உட்கார்ந்தால்தான் அது இருக்கை, இல்லாவிட்டால் வெறும் மரச்சாமான் என்று விதியில் இருந்ததால், மோட்டார்காரர் மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடிவந்து சிலிண்டர்களுக்கு நடுவில் உட்காருவார். முள் நாலைத் தொட்டிருக்கும் என்று தோன்றும்போது எழுந்து ஓடுவார். தோன்றுவது எப்போதும் சரியாக இருப்பதில்லை. சில நாள் தொட்டி வழிந்து தெருவில் ஓடியது, சில நாள் குழாய்கள் காற்றை விட்டன. இவ்வளவு நடந்தும் அவரைத் தேடி யாரும் வரவில்லை. வந்தாலும் மோட்டார் அறையில்தான் தேடியிருப்பார்கள்.

அங்கே அவள் வார்டிலிருந்து நூற்று முப்பத்தெட்டு மீட்டர் கிழக்கே, சலவைத் துணிகள் அடுக்கும் அறைக்குப் போனாள். ஊசி போட வேண்டியவர்கள் அவளைத் தேடி அங்கே நடந்தார்கள். நடக்க முடியாதவர்கள், நடக்க முடிகிறவரை காத்திருந்தார்கள். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நோயாளிகள் நடமாடத் தொடங்கியிருப்பது நல்ல அறிகுறி என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

மறு அளவைக்கு எட்டு மாதம் கழித்து ஆட்கள் வந்தார்கள். இங்கே மூன்று பேர், அங்கே மூன்று பேர், இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில். ஒருவரிடம் கருவி இருந்தது. இன்னொருவர் கருவிக்குக் குடை பிடித்தார். மூன்றாமவர், குடை சரியாகப் பிடிக்கப்பட்டது என்று கையெழுத்துப் போட வந்தவர். மோட்டார்காரரை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொன்னார்கள். முதுகு சாயக் கூடாது, மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஆட்களோடு போனில் பேசி இரண்டு பக்கமும் ஒரே நொடியில் அளந்தார்கள். போனின் உள்ளே யாரோ இருமுவது கேட்டது. அவள்தான். துணித் தூசி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று மோட்டார்காரர் மூச்சைப் பிடித்தபடியே நினைத்துக்கொண்டார்.

முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது கிலோமீட்டர் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு மீட்டர். யானை போய்விட்டது, வால் மாட்டிக்கொண்டது.

மிச்சப் பன்னிரண்டு மீட்டருக்கு, அவள் பக்கம் சலவை அறையோடு ஆஸ்பத்திரி முடிந்துவிட்டது, இவர் பக்கம் மேற்கே இடம் இல்லை. கொட்டகையின் முதுகில் காம்பவுண்டுச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம். நாற்காலியைச் சுவருக்கு வெளியே போட்டால் அது பணியிடம் ஆகாது, நடைபாதை ஆக்கிரமிப்பு ஆகிவிடும். மேல்தொட்டியின் உச்சியில் உட்கார்ந்தால் உயரம் கணக்கில் வருமா என்று கண்காணிப்பாளர் எழுதிக் கேட்டார். பிரிவு அதற்கு ஒரு குழு போட்டது. குழு இரண்டு முறை கூடி, பணியாளர்கள் உயர உயர மேலே போவதால் குடும்பத்திலிருந்து விலகுகிறார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடிவு செய்தது.

கடைசியில் சுவரையே நகர்த்துவது என்று தீர்மானமாயிற்று. பன்னிரண்டு மீட்டரை இல்லையென்று வைத்துக்கொள்ள மனம் வராதவர்கள், பதினான்கு மீட்டருக்கு ஒரு சுவரை இடித்துக் கட்டக் கொஞ்சமும் யோசிக்கவில்லை. பஸ் நிறுத்தத்தின் கூரையைப் பிரித்தார்கள். பயணிகள் வெயிலில் நின்றார்கள். எதற்காகச் சுவர் நடந்து வருகிறது என்று கேட்டவர்களுக்கு, ஒரு புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்துவைக்க என்று கொத்தனார் சொன்னார். யாரும் நம்பவில்லை. கொத்தனாருக்கு வாய்க்கொழுப்பு என்று பேசிக்கொண்டார்கள்.

சுவர் எழும்பிக் காய்ந்து, கொட்டகையை அதை ஒட்டித் தள்ளி, மறுபடி குடையோடு ஆட்கள் வந்து போவதற்குள் பதினைந்து மாதம். நானூறு கிலோமீட்டர் இரண்டு மீட்டர் என்று தாள் வந்த வாரம் அவளுக்கு நாற்பத்தொன்று பிறந்தது. போனில் விஷயத்தைச் சொன்னார். அவள் சரி என்றாள். அவரும் சரி என்றார். யார் முதலில் வைப்பது என்று காத்திருந்து, ஒரே நேரத்தில் வைத்தார்கள்.

தலைமை அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடத்தினார்கள். மோட்டார்காரரை மேடையில் உட்காரவைத்து, கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்தார்கள். தூர அதிகாரி பேசினார்.

"விதி பதினேழு வந்து இருபத்தாறு வருஷம் ஆகுது. இருபத்தாறு வருஷமா எத்தனையோ குடும்பங்களோட தூரத்தை அளந்திருக்கோம். ஒரு மீட்டர்கூடக் குறைச்சதில்ல. குறைக்கறது எங்க வேலையும் இல்ல. விதிக்குள்ள யாருமே வராம இருந்ததால ஒரு தப்பும் நடக்கல. இன்னைக்கு முதல் தடவையா ஒருத்தர் வந்துட்டார். எங்களுக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் சந்தோஷம்."

எல்லோரும் கை தட்டினார்கள். நூல் கிளார்க் மட்டும் பீரோவை விட்டு வர முடியாததால் அங்கிருந்தே தட்டினார்.

அதற்குப் பிறகுதான் உத்தரவைப் படித்தார்கள். அவளை இவர் ஊருக்கு அனுப்பினால் அது அவளுக்குச் செய்யும் அநியாயம். இவரை அவள் ஊருக்கு அனுப்பினால் இவருக்குச் செய்யும் அநியாயம். பிரிவு யார் பக்கமும் சாயாது. ஆகவே நூலை எடுத்து இரண்டாக மடித்து, சரிபாதியில் ஒரு குண்டூசி குத்தியிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரே ஊரில் இருவருக்கும் வேலை. குண்டூசி மலைத்தொடரின் நட்டநடு முதுகில் நின்றது. மோட்டார்காரர் கிட்டே போய்ப் பார்த்தார். பச்சை நிறம் மட்டும் இருந்தது, எழுத்து ஒன்றும் இல்லை. "சரி சார்" என்றார். பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

இரண்டு வாரம் கழித்து, நல்ல மழைக்காலத்தில், ஒரு பெட்டியோடும் ஸ்டவ்வோடும் மேற்குப் பக்கமாக மலை ஏறினார். அவருக்குக் கொடுத்திருந்தது மழைமானி நிலையம். ஒரு அறை, அதற்கு முன்னால் மழை நீரைப் பிடித்து அளக்கும் ஒரு பித்தளை ஏனம். தினம் காலையில் அதில் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து எழுத வேண்டும். அறையைத் திறந்து, பெருக்கி, இரண்டு பேர் படுக்க இடம் பண்ணிவிட்டு, அவள் வருவாள் என்று வாசலில் நின்றார். மூன்று நாள் நின்றார். நான்காம் நாள் மேகம் விலகியபோதுதான் எதிர்ச்சரிவில், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த ஒரு கட்டிடம் இருப்பது தெரிந்தது. அதன் வாசலில் ஒரு பெண் பெருக்கிக்கொண்டிருந்தாள். அது மலைவாசிகளுக்கான முதலுதவி அறை. அவள் கிழக்குப் பக்கமாக ஏறி மூன்று நாள் ஆகியிருந்தது.

நடுவில் ஆயிரத்து நூறு மீட்டர். ஆகாயத்தில்தான் ஆயிரத்து நூறு. கீழே பள்ளம், பள்ளத்தில் ஆறு, பாலம் கிடையாது. ரோடு வழியாகப் போக வேண்டுமானால் இந்தப் பக்கம் அடிவாரம் வரை இறங்கி, மலையைச் சுற்றி, அந்தப் பக்கம் ஏற வேண்டும். நூற்று அறுபத்தெட்டு கிலோமீட்டர், இரண்டு பஸ், ஒரு முழுப் பகல். திரும்பிவர இன்னொரு பகல். வாரத்தில் விடுமுறை ஒரு நாள். மலையில் போனும் எடுக்கவில்லை.

மோட்டார்காரர் வாழ்க்கையில் முதல் முறையாகத் தானே ஒரு கடிதம் எழுதினார். வாரம் ஒருமுறை வரும் ஜீப்காரரிடம் கொடுத்தனுப்பினார். பிரிவு இந்த முறை தாமதிக்கவில்லை, மூன்றே வாரத்தில் பதில் போட்டது. எட்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் இரண்டு இடங்களும் விதிப்படி ஒரே ஊர். ஒரே ஊரில் வசிக்கும் தம்பதியர் ஒரே ஊருக்கு மாறுதல் கேட்க இயலாது. தங்கள் இல்லறம் சிறக்கப் பிரிவின் வாழ்த்துகள்.

அவர் அதை மடித்து மழை நோட்டுக்குள் வைத்தார். கோபம் வரும் என்று சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தார். வரவில்லை. எழுந்து போய் ஏனத்தில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்தார். முப்பத்திரண்டு மில்லிமீட்டர்.

ஒரு விறகுவெட்டி அந்தப் பக்கமாக வருவார். கீழே ஆற்றுக்கு ஒற்றையடிப் பாதை உண்டு, இறங்க ஒன்றரை மணி, ஏற மூன்று மணி என்று சொன்னது அவர்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோட்டார்காரர் சோற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஆறு பாறைகளை உருட்டிக்கொண்டு போனது. எதிர்க்கரையில் அவள் முன்னாலேயே வந்து ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யார் சொன்னார்களோ. கையைக் குவித்து ஏதோ கத்தினாள். தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. அவரும் பதிலுக்குக் கத்தினார். என்ன கேட்டாள் என்று தெரியாததால், நல்லாத்தான் இருக்கேன் என்று பொதுவாகக் கத்தினார். அவளும் தலையை ஆட்டிவைத்தாள். பிறகு இரண்டு பேரும் அவரவர் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். அவளுக்குக் காதோரம் நரைத்திருப்பது அந்தத் தூரத்திலிருந்தே தெரிந்தது. இரண்டு மணிக்கு இருவரும் எழுந்தார்கள், இருட்டுவதற்குள் ஏற வேண்டும்.

அப்படிப் பதினாறு ஞாயிற்றுக்கிழமை. சில வாரம் மழையால் இறங்க முடியவில்லை. முடிந்த வாரமெல்லாம் அவள் அந்தக் கல்லின் மேல் இருந்தாள். கத்துவதை மூன்றாவது வாரத்திலேயே விட்டுவிட்டார்கள்.

கோடையில் தண்ணீர் வற்றும், ஒரு மூன்று வாரம் மாடே கடக்கும் என்று விறகுவெட்டி சொல்லியிருந்தார். மோட்டார்காரர் அதை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. சரி என்று கேட்டுக்கொண்டார். மழை நோட்டில் சுழியம், சுழியம், சுழியம் என்று எழுதிக்கொண்டே வந்தார். ஒரு ஞாயிறு கீழே போனபோது ஆறு பேச்சைக் குறைத்திருந்தது. பாறைகளுக்கு நடுவே முழங்காலளவுக்குத்தான் தெளிந்த தண்ணீர். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகக் காலால் தொட்டுப் பார்த்து, ஆஸ்பத்திரி ஈரத் தரையில் நடப்பதுபோல நிதானமாக வந்தாள். அவர் இறங்கிப் போய்க் கை கொடுத்திருக்கலாம். தோன்றுவதற்குள் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று வருஷத்துக்கு மேலாகச் சேர்த்துவைத்திருந்ததில் எதை முதலில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்ல என்ன இருந்தது என்பதும் நினைவுக்கு வரவில்லை. அவள்தான் பேசினாள்.

"என்னங்க, ராத்திரி பூரா தூங்கல. தண்ணி குறைஞ்சிருக்குமான்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"ம்."

"செத்த நேரம் கண்ண மூடிக்கவா?"

"மூடிக்கோ."

அவர் தோளில் சாய்ந்த இரண்டாவது நிமிஷம் அவள் தூங்கிவிட்டாள். வாயை லேசாகத் திறந்துகொண்டு, மெல்லிய குறட்டையோடு தூங்கினாள். அவள் தலை சரியாமல் இருக்க அவர் இடது கையை வளைத்துக் கொடுத்தார். வெயில் பாறையின் மறு பக்கத்துக்குப் போயிற்று. கட்டிவந்த சோறு பிரிக்காமலே கிடந்தது. மணி இரண்டைத் தாண்டியது. இப்போது எழுந்தால்தான் இருட்டுவதற்குள் மேலே போகலாம். எழுப்பவில்லை. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை கை மரத்துப்போயிற்று, தன் கை மாதிரியே இல்லை. அவர் அதை எடுக்கவில்லை.